ஜெர்மனியில் மொழி படிக்கப் போகும் எல்லையோரப் பிள்ளைகளுக்கு: கிளம்பும் முன்பிருந்து மூன்றாம் மாதம் வரை

வேலந்தாவளம், கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவின் தமிழ் வீடுகளில் வளர்ந்து, ஜெர்மன் மொழியை ஜெர்மனிக்கே போய்ப் படிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் இந்தப் பக்கத்து ஆள்தான். அங்கே படித்துவிட்டு வந்த பிறகு, கிளம்புகிற பிள்ளைகளின் பேப்பர்களைப் பார்த்துக் கொடுப்பதும், போய்ச் சேர்ந்தவர்கள் ராத்திரியில் அனுப்பும் வாட்ஸ்அப் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவற்றில் பெரியது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரியது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இரண்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்காமல் வந்தவை. அதனால், 'காதில் விழுந்துகொண்டே இருந்தால் போதும், மூன்று மாதத்தில் தானாக வந்துவிடும்' என்று நம்பி விமானம் ஏறுகிறார்கள். மலையாளம் அப்படி வந்ததற்குக் காரணம் அது தமிழுக்குப் பக்கத்து மொழி என்பதும், ஐந்து வயதில் விளையாட்டோடு வந்தது என்பதும்தான். இருபது வயதில் ஜெர்மன் அப்படி வராது. கீழே உள்ள வரிசை முழுவதும் இதை மனதில் வைத்துப் போட்டது.

1. எதற்காகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மொழி மட்டும் படிக்கப் போவது ஒரு விசா. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் போவது வேறு விசா. தொழிற்பயிற்சிக்கோ நர்ஸ் வேலைக்கோ போவது இன்னொன்று. 'ஏதாவது ஒன்றில் உள்ளே போய்விட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜென்ட் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்கு விசா கொடுத்தார்களோ அதைத்தான் அங்குள்ள அலுவலகம் கடைசிவரை பார்க்கும்.

மொழிப் படிப்பு விசாவுக்கு வாரத்துக்குக் குறைந்தது 18 மணி நேரம் வகுப்பு இருக்க வேண்டும். மாலை வகுப்பும் சனி ஞாயிறு வகுப்பும் இதில் சேராது. கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று மாலை வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு வந்து நிற்கிறவர்கள் உண்டு. ஆகவே பணம் கட்டும் முன் வார மணிக்கணக்கைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

பல்கலைக்கழகப் படிப்புக்குப் போகிறவர்கள், நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களின் படிப்பு விசாவுக்கு அது கட்டாயம். நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் தனியார் ஏஜென்டிடம் போகும் முன் நோர்க்கா ரூட்ஸில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். கேரள அரசின் அமைப்பு அது. ஜெர்மனிக்கு நர்ஸ்களை அனுப்பும் திட்டம் அவர்களிடமே இருக்கிறது.

2. பி1 வரை இங்கேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்

மொழித் தேர்ச்சியில் ஏ1, ஏ2, பி1 என்று தொடங்கி சி2 வரை ஆறு படிகள். 'அங்கே போய் அ, ஆ-விலிருந்து படித்தால் உச்சரிப்பு நன்றாக வரும்' என்பார்கள். உச்சரிப்பு வரலாம், பணம் வராது. அங்கே ஒரு மாதம் இருக்க ஆகும் செலவில் இங்கே பல மாதம் படிக்கலாம். இலக்கணத்தின் அடித்தளம் சென்னையிலிருந்தாலும் மியூனிக்கிலிருந்தாலும் ஒன்றுதான். அங்கே மட்டும் கிடைப்பது நாள் முழுக்கக் கேட்கவும் பேசவும் உள்ள வாய்ப்பு. அந்த வாய்ப்பைப் பயன்படுத்த ஓரளவு மொழி கையில் இருக்க வேண்டும். ஏ1-இல் போகிறவனுக்கு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் பேசுவது வெறும் சத்தம். பி1-இல் போகிறவனுக்கு அது பாடம்.

ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோயத்தே நிறுவனம் சென்னையில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கோயத்தே மையம் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ தனியார் வகுப்பில் படித்துவிட்டுத் தேர்வுக்கு மட்டும் அங்கே போகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் தேர்வு எழுத இடம் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பதிவு திறந்தவுடன் நிரம்பிவிடுகிறது. தேர்வுத் தேதியை முதலில் பிடித்துவிட்டு, படிப்பின் வேகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். ஒன்றில் மட்டும் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். கோயத்தே நிறுவனம் தன் தளத்தில் பி1 சொற்பட்டியலை இலவசமாகவே வைத்திருக்கிறது. ஏறக்குறைய 2400 சொற்கள். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் தளத்தில் இலவசப் பாடங்களும், மெதுவாக வாசிக்கப்படும் செய்திகளும் உண்டு. இவற்றை விட்டுவிட்டு யாரோ விற்கும் பிடிஎஃப் நோட்ஸை வாங்க வேண்டாம்.

3. பேப்பர்கள்: பெயர், முகவரி, பணம்

இந்த வரிசையிலேயே பாருங்கள். பெயர் சரியாகாமல் மற்ற இரண்டையும் தொட்டால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

பெயர். நம் சான்றிதழ்களில் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் இனிஷியல் ஒட்டிக்கொண்டிருக்கும். பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயராக இருக்கும், அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். ஜெர்மனியில் எந்தப் படிவமானாலும் முன்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு; காலியாக விட்டால் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்களும் நிரம்பியிருப்பதை உறுதிசெய்துவிட்டு, மொழித் தேர்வுக்கும் பள்ளிப் பதிவுக்கும் எழுத்துக்கு எழுத்து அதே பெயரைக் கொடுங்கள். (அங்கே போனதும் எல்லோரும் உங்களை 'ஹெர் பழனிச்சாமி' என்று அப்பா பெயரில்தான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் திரும்பிப் பார்க்கவே தோன்றாது.)

முகவரி. இது எல்லைக்காரர்களின் தலைவலி. கேரளமும் கர்நாடகமும் பெங்களூரில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் கீழ் வருகின்றன. தமிழ்நாடும் ஆந்திராவும் சென்னையின் கீழ். வேலந்தாவளத்தில் சாலைக்கு இந்தப் பக்கம் வீடு என்றால் பெங்களூர், அந்தப் பக்கம் என்றால் சென்னை. வீடு கேரளத்தில், கல்லூரி பொள்ளாச்சியில், ஆதார் தாத்தா வீட்டு முகவரியில் என்று மூன்று இடத்தில் ஆளைப் பரப்பி வைத்திருப்பவர்கள் நம்மிடம் நிறைய. 'கோயம்புத்தூரில்தானே இருக்கிறேன்' என்று சென்னைக்கு விண்ணப்பித்துவிட்டு, எந்தத் தூதரகம் என்ற கேள்வியிலேயே வாரங்களைத் தொலைக்கிறார்கள். எங்கே வசிக்கிறீர்கள் என்பதற்கு ஒரே ஒரு பதில் இருக்கட்டும். பாஸ்போர்ட், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் அதையே சொல்லட்டும். திருத்த வேண்டியிருந்தால் விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே முடித்துவிடுங்கள்; ஆதாருக்குக் கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயாவுக்குப் போகலாம். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், குப்பம் பக்கம் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும் அவர்களுக்குச் சென்னைதான்.

பணம். முடக்கக் கணக்கு ஒன்று திறந்து, தங்கும் மாதங்களுக்கான செலவை முன்கூட்டியே அதில் போட வேண்டும். மாதாமாதம் ஒரு பங்குதான் வெளியே வரும். 2024 செப்டம்பரிலிருந்து மாணவர்களுக்கான கணக்கு மாதம் 992 யூரோ, வருஷத்துக்கு 11,904. மொழி மட்டும் படிக்கப் போகிறவர்களுக்கு இதைவிட 10 சதவீதம் கூடுதல். இது பலருக்குத் தெரிவதில்லை. நண்பன் போட்ட தொகையைக் கேட்டு அதையே போடுவார்கள். நண்பன் போனது எம்.எஸ். படிக்க. தொகை அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்பும் வருஷத்துக் கணக்கைத் தூதரகத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பெட்டி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் இதற்குத்தான் அதிக நேரம் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் தனிநபர் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் நெடும்பாசேரியில் ஏறினாலும் அங்கே குப்பைக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி, புளி ஆகியவற்றுக்குப் பிரச்சினை இல்லை.

குக்கர் எடுப்பவர்கள் அடிப்பாகம் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்றதா என்று பாருங்கள். சாதாரண அலுமினிய குக்கர் அங்கே பல சமையலறைகளில் சூடேறாது. அசல் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பள்ளியின் சேர்க்கைக் கடிதம், காப்பீட்டுக் கடிதம் எல்லாம் கைப்பையில். பெரிய பெட்டி தாமதமாக வந்தாலும் மறுநாள் உங்கள் வேலை நிற்கக் கூடாது.

5. முதல் இரண்டு வாரம்: வரிசையை மாற்றாதீர்கள்

அறை. அப்புறம் முகவரிப் பதிவு. அப்புறம் வங்கி. அப்புறம் விசா நீட்டிப்பைக் கவனிக்கும் வெளிநாட்டவர் அலுவலகம். ஒன்றின் பேப்பர் இல்லாமல் அடுத்தது நகராது.

அறைக்கு இங்கிருந்தே முழுப் பணம் அனுப்பாதீர்கள். 'நான் வெளியூரில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்' என்பது பழைய ஏமாற்று. இன்னும் ஆள் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. முதல் இரண்டு மாதத்துக்கு மொழிப் பள்ளி ஏற்பாடு செய்யும் அறையையோ, வீட்டாரோடு தங்கும் ஏற்பாட்டையோ எடுங்கள். கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே போன பிறகு நேரில் பார்த்து மாறலாம். வைப்புத்தொகை மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது வைஃபை பாஸ்வேர்டு இல்லை, 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டெடிகுங்'. நீங்கள் அங்கே குடிவந்ததற்கு அவர் கையெழுத்திட்டுத் தரும் தாள். அது இருந்தால்தான் 'அன்மெல்டுங்' எனும் முகவரிப் பதிவு நடக்கும். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். பெரிய நகரங்களில் அதற்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது என்பதால், முகவரி உறுதியானவுடன் இங்கிருந்தே தேதி பிடித்துவிடுங்கள். அறையைக் கொடுத்துவிட்டு 'பதிவு மட்டும் செய்யாதீர்கள்' என்று ஒருவர் சொன்னால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த அறை வேண்டாம். பதிவு இல்லையென்றால் வங்கிக் கணக்குக்கும் அடுத்த அனுமதிக்கும் சிக்கல்.

தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அதிகம் பேர் விடுவது இதுதான். அங்கே கதவு எண்ணைப் பார்த்துத் தபால் போடுவதில்லை, பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி எண், அலுவலகக் கடிதம் எல்லாம் தபாலில்தான் வரும். பெயர் இல்லாவிட்டால் எல்லாம் திரும்பிப் போகும். வங்கிக்காரர் அனுப்பிவிட்டோம் என்பார், நீங்கள் வரவில்லை என்பீர்கள்.

பதிவுக்குப் பிறகு சாதாரண வங்கிக் கணக்கைத் திறந்து, அதன் எண்ணை முடக்கக் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் கொடுங்கள். அதன் பிறகுதான் மாதப் பணம் வரத் தொடங்கும். அதுவரை சமாளிக்கக் கையில் தனியாகப் பணம் வேண்டும்.

சில வாரத்தில் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. 'எங்களிடம் டிவியே இல்லை' என்ற பதில் செல்லாது. ஆனால் கட்டணம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்குத்தான். அறைத்தோழர்களில் ஒருவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பிவிட்டு, பங்கைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பிரிக்காமல் ஓரமாக வைப்பதுதான் தவறு. பாக்கி சேர்ந்துகொண்டே போகும்.

உடல்நலக் காப்பீட்டில் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக மாணவர்களுக்கான அரசுக் காப்பீட்டுச் சலுகை மொழிப் பள்ளி மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது. தனியார் காப்பீடுதான் எடுக்க வேண்டிவரும். படிப்பு முடியும் நாள் வரை அது இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு வருகிறவர்கள் விசா நீட்டிப்பின்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

6. எந்த வகுப்பில் போடுகிறார்களோ அதில் உட்காருங்கள்

பள்ளியில் முதல் நாள் நிலை பார்க்கும் தேர்வு வைப்பார்கள். பி1 சான்றிதழோடு போனவரை ஏ2-வின் இரண்டாம் பாதியில் போடுவது சகஜம். உடனே முகம் வாடிவிடும், வீட்டுக்குப் போன் போகும், 'அவங்க கிட்ட பேசி மேலே போடச் சொல்லு கண்ணு' என்று அம்மா சொல்வார். வேண்டாம். நம் ஊர் வகுப்புகளில் படிப்பும் எழுத்தும் முன்னே ஓடிவிடும், பேச்சும் கேட்பும் பின்தங்கி இருக்கும். கீழ் வகுப்பில் இலக்கணம் தெரிந்தே இருப்பதால் முழுக் கவனத்தையும் வாய்க்குக் கொடுக்கலாம். சண்டை போட்டு மேல் வகுப்புக்குப் போனவர்கள்தான் கடைசி வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் ஆசிரியர் ஜெர்மன் மட்டுமே பேசுவார். பக்கத்தில் துருக்கியரோ உக்ரேனியரோ பிரேசில்காரரோ இருப்பார். அவர்கள் தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். நம் பிள்ளைகள் வாக்கியத்தை மனதுக்குள் முழுதாகக் கட்டி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். ஆசிரியர் இதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார், படிக்கவில்லை என்றுதான் நினைப்பார். முதல் வாரத்திலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கேள்வியாவது நீங்கள் கேட்க வேண்டும், பாதி வாக்கியமாக இருந்தாலும் சரி.

7. ஒலி: தமிழ்வழியில் படித்தவர்களும் மலையாளவழியில் படித்தவர்களும் தனித்தனியாகக் கவனிக்க

குறில் நெடில் நமக்கு இலவசமாகக் கிடைத்த சொத்து. ஜெர்மனில் 'மீட்டே' என்றால் வாடகை, 'மிட்டே' என்றால் நடு. 'ஓஃபன்' அடுப்பு, 'ஒஃபன்' திறந்திருக்கிறது. வேறு பல நாட்டவர் இதில் மாதக்கணக்கில் திணறுவார்கள். நீங்கள் புதுச் சொல்லின் பக்கத்தில் தமிழில் உயிரொலியைக் குறித்துக்கொண்டால் போதும்.

மெய்யொலியில் நிலைமை தலைகீழ். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு க, ட, ப-வின் வல்லொலியும் மெல்லொலியும் எழுத்தில் ஒன்று என்பதால் நாக்கும் கலக்கும். 'காபெல்' என்பதில் முதல் ஒலியை மென்மையாகச் சொன்னால் சாப்பிடும் முள்கரண்டி, வன்மையாகச் சொன்னால் கேபிள். மலையாளம் எழுதிப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே மலையாள எழுத்துத் தெரிந்தவர்கள் மெய்யொலியை மலையாளத்தில் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை.

இரண்டு பக்கத்தாருக்கும் பொதுவான பழக்கம், சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டுவது. 'பஸ்ஸு', 'புக்கு' என்பது போலவே 'கூட்' (நல்ல) என்பதை 'கூட்டு' ஆக்கிவிடுவோம். கேட்கிறவருக்கு அது வேறு சொல்லாக விழும். போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து கேட்டால்தான் இது தெரியும். நேரில் யாரும் திருத்த மாட்டார்கள்.

8. இலக்கணம்: ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்

இங்கே வகுப்பெடுப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்துத்தான் ஜெர்மன் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில்தான் வேற்றுமை குழம்புகிறது. தமிழை வைத்துப் பாருங்கள். உனக்கு உதவுகிறேன் என்பதில் வரும் 'கு', அதாவது நம் நான்காம் வேற்றுமை, அப்படியே ஜெர்மனில் 'டாட்டிவ்' ஆகிறது: 'இஷ் ஹெல்ஃபே டியர்'. எனக்குப் பிடிக்கும், எனக்குச் சொந்தம், எனக்குக் குளிர்கிறது என்று நாம் 'எனக்கு' போடும் இடங்களில் அங்கேயும் 'மியர்' வருகிறது. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. 'உன்னிடம் கேட்கிறேன்' என்பதற்கு அங்கே நம் இரண்டாம் வேற்றுமைக்கு நிகரான 'அக்குசாட்டிவ்'. பொருந்தாத சொற்களை மட்டும் தனிப் பட்டியலாக எழுதி வையுங்கள். பட்டியல் சின்னதுதான்.

வினைச்சொல்லின் இடமும் அப்படியே. 'ஏனென்றால்' என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் ஜெர்மன் வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலக்காரர் திணறும் இந்த இடம் நமக்கு வீடு மாதிரி. ஆனால் முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நின்றே ஆக வேண்டும். 'இன்று' என்று தொடங்கிவிட்டு, உடனே 'நான்' என்று போடுவதுதான் நம் பிள்ளைகள் செய்யும் நிரந்தரத் தவறு. 'ஹொய்ட்டே கேயே இஷ்' என்று வினை முன்னே வர வேண்டும். 'ஹொய்ட்டே இஷ் கேயே' தப்பு.

பொருள்களுக்கு ஆண், பெண், பொது என்று பால் இருப்பதற்கு மட்டும் தமிழிலும் மலையாளத்திலும் துணை கிடையாது. இங்கேதான் காதால் வந்துவிடும் என்ற நம்பிக்கை சுத்தமாகக் கவிழும். வேகமான பேச்சில் டெர், டெம், டென் எல்லாம் ஒரே முணுமுணுப்பாக விழும். கேட்டுக் கேட்டுப் பழகினால் முணுமுணுப்பைத்தான் பழகுவீர்கள். சொல்லைக் குறிக்கும்போதே டெர், டீ, டாஸ் என்பதையும் சேர்த்து, மூன்றுக்கும் மூன்று நிற மையில் எழுதுங்கள். 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்று முடியும் சொற்களுக்கு 'டீ', சின்னது என்று காட்டும் 'ஷென்' (chen) விகுதியில் முடிபவைக்கு 'டாஸ்' என்பது போன்ற சில விதிகள் பாரத்தைக் குறைக்கும். மீதி மனப்பாடம்தான், வேறு வழியில்லை.

எண்ணும் மணியும் வெளியே போனவுடன் அடிக்கும். 63 என்பதை 'மூன்றும் அறுபதும்' என்று சொல்வார்கள். போன் நம்பரை இரண்டிரண்டாகச் சொல்லும்போது 36 என்று எழுதிவிடுவீர்கள். 'ஹால்ப் டிரை' என்பது இரண்டரை மணி, மூன்றரை அல்ல. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நேரத்தை எப்போதும் எழுதிக் கேளுங்கள்.

9. அறையும் சேட்டன்மாரும்

நம் பிள்ளைகளுக்கு மற்ற இந்தியர்களுக்கு இல்லாத ஓர் ஆபத்து இருக்கிறது. எந்த ஜெர்மன் நகரத்திலும் மலையாளிகளின் கூட்டம் ஒன்று இருக்கும், தமிழர்களின் கூட்டம் ஒன்று இருக்கும். இரண்டிலும் நமக்கு இடம் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை சேட்டன்மாரோடு சமையல், சனி ஞாயிறு தமிழ் அண்ணன்மாரோடு கிரிக்கெட். ஆறு மாதம் கழித்து மலையாளம் இன்னும் நன்றாக வந்திருக்கும்.

அவர்களை விட்டு விலகச் சொல்லவில்லை. காய்ச்சலில் கஞ்சி கொண்டுவருவது அவர்கள்தான், வேலை வந்தால் சொல்வதும் அவர்கள்தான். அறையை மட்டும் பிரித்து எடுங்கள். சமையலறையைப் பகிரும் வீட்டில், உங்கள் இரண்டு மொழிகளும் தெரியாத ஒருவராவது இருக்க வேண்டும். பாத்திரம் யார் கழுவுவது, குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏன் சத்தம் என்ற சண்டைகளில் கற்கும் ஜெர்மன் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே ஆட்களைப் பார்க்கும் இடம் ஒன்றைப் பிடியுங்கள். ஊருக்கு ஊர் 'ஃபெரைன்' என்ற சங்கங்கள் இருக்கும். வாலிபால், பாட்டு, தோட்டம் என்று எதற்கும் ஒன்று. கட்டணம் குறைவு. தெரியாதவர்களோடு திடீர்ப் பேச்சு ஜெர்மனியில் அவ்வளவாக ஓடாது, ஆனால் ஒரே முகத்தை நான்காம் வாரமும் பார்த்தால் அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். 'ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே' எனும் மக்கள் கல்விக்கூடத்தில் சமையல் வகுப்பில் சேர்வதும் நல்ல வழி. அங்கே மொழி படிப்பதைவிட வெங்காயம் நறுக்குவதில் வாய் சீக்கிரம் திறக்கிறது.

நீங்கள் தடுமாறினால் கடைக்காரர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவர் உதவுவதாகத்தான் நினைக்கிறார். 'இஷ் லெர்னே டாய்ச், பிட்டே அவுஃப் டாய்ச்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஜெர்மனிலேயே தொடருங்கள். பின்னால் வரிசை நீளமாக இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

10. வேலை, பயணம், சோர்வு

2024 மார்ச்சிலிருந்து மொழி மாணவர்களும் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். முதல் ஆறு வாரம் தேடாதீர்கள். வகுப்பும் வீட்டுப்பாடமும் பேப்பர் வேலையும் நாளை விழுங்கிவிடும். அப்புறம் தேடும்போது, இந்திய ஹோட்டல் சமையலறையைவிடச் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பேக்கரியோ சூப்பர் மார்க்கெட்டோ மேல்.

நாடு முழுவதும் உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றிலும் செல்லும் மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025-இல் 58, 2026-இல் 63 ஆனது. அது சந்தா. நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். மறந்தால் அடுத்த மாதமும் பணம் பிடிப்பார்கள்.

மூன்றாம் வாரம் வாக்கில் தலைவலியோடு வீட்டுக்கு வந்து விழுவீர்கள். நாள் முழுக்க இன்னொரு மொழியைக் கேட்டதன் களைப்பு அது. பேச்சு போன மாதத்தைவிட மோசமாகிவிட்டது போலவும் தோன்றும். பெரும்பாலும் காது முன்னேறிவிட்டதால், இதுவரை தெரியாத தவறுகள் தெரிய ஆரம்பித்திருக்கும். குளிர்காலத்தில் போயிருந்தால் நாலரை மணிக்கே இருட்டிவிடுவதும் சேர்ந்துகொள்ளும். மதியம் வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்குப் போன் பேச ஒரு நேரம் வையுங்கள். கோடையில் அங்கும் இங்கும் மூன்றரை மணி வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை. வகுப்பு முடிந்த கையோடு ஒரு மணி நேரம் வீடியோ கால் போட்டால் அன்று கேட்ட ஜெர்மன் எல்லாம் போய்விடும். முதலில் அன்றைய பாடத்தை எழுதி முடியுங்கள், அப்புறம் அம்மாவிடம் சாப்பிட்டாச்சு என்று சொல்லலாம்.

11. மூன்றாம் மாதம்: இரண்டு தேதிகள்

விசா முடியும் தேதிக்கு எட்டு வாரம் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீட்டிப்புக்குத் தேதி கேட்டு எழுதுங்கள். தேதி கிடைக்காவிட்டாலும் நீங்கள் எழுதிய மின்னஞ்சலும் அதற்கு வந்த பதிலும் கையில் இருக்க வேண்டும். பின்னால் கேள்வி வந்தால் அதைத்தான் காட்ட முடியும். போகும்போது வகுப்பு வருகைச் சான்று, அடுத்த படிக்குப் பணம் கட்டிய ரசீது, காப்பீட்டுக் கடிதம், வங்கி விவரம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். வருகை குறைவாக இருந்தால் அங்கே விளக்கம் கேட்பார்கள். வேலைக்காக வகுப்பை விட்டவர்கள் மாட்டுவது இந்த மேஜையில்தான்.

இன்னொன்று தேர்வுத் தேதி. பி2 முடியும் வாரத்துக்கு அடுத்த வாரமே தேர்வை வைக்காதீர்கள். மூன்று நான்கு வாரம் இடைவெளி விட்டு, அந்த நாட்களில் பழைய மாதிரித் தாள்களை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். கோயத்தேவின் பி2 தேர்விலும் பகுதிகளைத் தனித்தனியாக எழுதலாம் என்பதால், பணம் நெருக்கமாக இருந்தால் படித்தலையும் கேட்டலையும் முதலில் முடித்துவிட்டு, பேச்சை அடுத்த முறைக்கு வைக்கலாம். தேர்வு நாளில் பாஸ்போர்ட்டின் அசல் வேண்டும். போனில் உள்ள படத்தைக் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள்.